துறைமுகத்து நூதனசாலையும் நமது பெருநாள் விடுமுறையும்

திருகோணமலை மாவட்டத்தில் பெருநாள் விடுமுறை எப்படிக் கழியும் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். தொழுகை முடியும். கப்றுகளை ஸியாரத் செய்து, மூத்தம்மா வீடு, சாச்சி வீடு என்று ஒரு சுற்றுப் போய் வருவார்கள். பிறகு பிள்ளைகளின் நச்சரிப்புத் தாங்காமல் வான்களும் ஆட்டோக்களும் புறப்படும். நிலாவெளிக் கடற்கரை, கன்னியா வெந்நீரூற்று, பிரெட்றிக் கோட்டை, மாலையானால் கிண்ணியாப் பாலம். இந்த வரிசையில் நூதனசாலை வருவது அபூர்வம்.

திருகோணமலையில் நூதனசாலை இல்லாமல் இல்லை. ஒல்லாந்தர் காலத்தில் கடற்படை ஆணையாளர் இருந்த இரண்டு மாடிக் கட்டடம் திருத்தப்பட்டு, இன்று கடல்சார் மற்றும் கடற்படை வரலாற்று நூதனசாலையாக இருக்கிறது. கடற்படைத் தளத்துக்குள் ஹூட்ஸ் டவர் நூதனசாலை இருக்கிறது. உலகின் பெரிய இயற்கைத் துறைமுகங்களில் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஊருக்கு இவை இரண்டும் தேவையானவையே. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டத்தான் வேண்டும்.

ஆனால், கடற்படை வரலாறு என்றால் அது கோட்டை யாருடைய கையில் இருந்தது என்ற வரலாறுதான். 1620களில் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்துக் கோட்டை கட்டினார்கள். 1639இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள். 1782 ஜனவரியில் ஆங்கிலேயர். அதே ஆண்டு ஓகஸ்டில் பிரெஞ்சுக்காரர். அடுத்த ஆண்டு உடன்படிக்கைப்படி மறுபடியும் ஒல்லாந்தர். 1795இல் திரும்பவும் ஆங்கிலேயர். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானியக் குண்டுகள் விழுந்தன. 1957இல் பிரித்தானியக் கடற்படை தளத்தை இலங்கையிடம் ஒப்படைத்துவிட்டுப் போனது. கொடி மாறிக்கொண்டே இருந்தது. கொடிகளுக்குக் கீழே கரையில் இருந்த சனங்கள் யார், என்ன தொழில் செய்தார்கள், என்ன மொழியில் கணக்கு எழுதினார்கள் என்பதெல்லாம் பீரங்கிகளைப் பார்த்துத் தெரிந்துகொள்ளக்கூடிய சங்கதிகள் அல்ல.

2012ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி இம்மாவட்ட மக்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 40 பேர் முஸ்லிம்கள். கிண்ணியா, மூதூர், தோப்பூர், புல்மோட்டை, குச்சவெளி, தம்பலகாமம், நகரின் ஜமாலியா என்று ஊர்கள் நீள்கின்றன. இவ்வளவு பேரின் நேற்றைய வாழ்க்கைக்கு இந்த மாவட்டத்தில் சான்று எங்கே இருக்கிறது?

சான்று முற்றாக இல்லையென்று சொல்ல முடியாது. இலங்கையின் பிரதம நீதியரசராக இருந்த சேர் அலெக்சாண்டர் ஜோன்ஸ்டன், இங்குள்ள முஸ்லிம்களிடம் வழங்கிவந்த மரபுச் செய்தியைக் கேட்டெழுதினார். அது 1827இல் லண்டனில், றோயல் ஏசியாட்டிக் சங்கத்தின் ஏட்டில் வெளிவந்தது. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹாஷிம் குலத்து அராபியரில் ஒரு பிரிவினர் கலீபா அப்துல் மலிக் பின் மர்வானின் கொடுமைக்குத் தப்பி வந்து இலங்கைக் கரையோரத்தில் எட்டுக் குடியேற்றங்களை அமைத்தார்கள் என்பது அந்தச் செய்தி. யாழ்ப்பாணம், மாந்தோட்டமும் மன்னாரும், குதிரைமலை, புத்தளம், கொழும்பு, பேருவளை, காலி என்று போகும் அந்தப் பட்டியலில் முதலாவது பெயர் திருகோணமலை. இது மரபுச் செய்தி. அந்த அளவிலேயே அதை எடுத்துக்கொள்ள வேண்டும். என்றாலும், இருநூறு வருடங்களுக்கு முன்பிருந்த நமது முன்னோர் தங்களைப் பற்றி என்ன நம்பினார்கள் என்பதற்கு அது நல்ல ஆதாரம்.

இன்னொரு சான்று மரபுச் செய்தியல்ல, கல். திருகோணமலை நிக்கல்சன் குடாப் பகுதியில் கிடைத்த கப்றுக் கல் அது. அரபு எழுத்தில் பொறிக்கப்பட்டது. ஹிஜ்ரி 729, அதாவது கி.பி. 1329ஐச் சேர்ந்தது. அங்கே அடங்கியிருப்பவர் ஒரு பெண்மணி. அவருடைய தந்தை தலைவர் பத்ருத்தீன் ஹுசைன் பின் அலீ அல்-ஹலபி. ஹலபி என்றால் ஹலப் ஊரைச் சேர்ந்தவர். சிரியாவின் அலெப்போதான் ஹலப். இப்னு பதூதா புத்தளத்தில் கரையிறங்கியது 1344இல். அதற்குப் பதினைந்து வருடங்களுக்கு முன்பே, ஹலபோடு சம்பந்தப்பட்ட ஒரு குடும்பத்துப் பெண் இந்தத் துறைமுகக் கரையில் மௌத்தாகி, பெயர் சொல்லக் கல் நாட்டப்பட்டிருக்கிறது. வியாபாரிகள் வந்து போனார்கள் என்பது ஒரு கதை. மகளை இங்கே அடக்கி, எழுத்தறிந்த கல்தச்சனைக் கொண்டு கல் பொறிக்கும் அளவுக்குக் குடும்பமாக வாழ்ந்தார்கள் என்பது வேறு கதை. கிண்ணியாவிலோ மூதூரிலோ ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையிடம் இந்தக் கல்லைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள்.

அதே பிள்ளைக்கு றொபர்ட் நொக்ஸைத் தெரிந்திருக்கும். 1660இல் ‘ஆன்’ என்ற கப்பல் புயலில் பாய்மரம் முறிந்து, திருத்துவதற்காகக் கொட்டியாரக் குடாவுக்கு வந்தது. நொக்ஸும் அவருடைய தகப்பனும் மற்றும் சிலரும் மூதூர்ப் பக்கம் கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்டார்கள். 19 வருடங்கள் சிறையிருந்து தப்பிய நொக்ஸ் 1681இல் எழுதி வெளியிட்ட நூல் உலகப் பிரசித்தமானது. அவர் பிடிபட்ட இடத்துக்கு ‘வெள்ளைக்காரன் மரம்’ என்று பெயரும் நினைவுக் கல்லும் உண்டு. கைதியாகிப் போன ஒருவருக்குக் கல் இருக்கிறது. அதே குடாவில் தலைமுறை தலைமுறையாகத் தோணி விட்டவர்களுக்கும் வயல் செய்தவர்களுக்கும் இல்லை. இதற்கு நொக்ஸைக் குறை சொல்லேலாது. அவர் எழுதிவைத்தார், நாம் எழுதிவைக்கவில்லை.

எழுதிவைக்காதது எப்படி அழியும் என்பதற்குக் கொழும்பிலிருந்து ஓர் உதாரணம். பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த அரபுக் கல்வெட்டொன்று கொழும்பு மையவாடியில் இருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஒல்லாந்த அதிகாரி ஒருவர் அதைப் பெயர்த்தெடுத்துத் தமது வீட்டுப் படிக்குக் கல்லாக்கினார். ஜோன்ஸ்டனின் கண்ணில் பட்டபடியால் அது அறிவுலகத்துக்குத் தெரியவந்தது. சீனத் தளபதி செங் ஹே காலியில் நாட்டிய மும்மொழிக் கல்வெட்டும் அப்படித்தான். சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளிலும் பொறிக்கப்பட்ட அந்தக் கல், 1911இல் கண்டெடுக்கப்பட்டபோது வடிகாலுக்கு மூடியாகக் கிடந்தது. படிக்கல்லாகவும் வடிகால் மூடியாகவும் போய், யாரும் குனிந்து பார்க்காமல் விட்ட கற்கள் எத்தனையோ!

கல்லுக்கே இந்தக் கதியென்றால் கடதாசிக்கு என்ன கதி? 2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை, போயா விடுமுறையும்கூட. அன்று வந்த கடல் கிண்ணியாவிலும் மூதூரிலும் உயிர்களோடு சேர்த்துக் காணி உறுதிகள், கலியாணப் பதிவுகள், அரபுத் தமிழ்க் கிதாபுகள், கண்ணாடிச் சட்டம் போட்ட படங்கள் எல்லாவற்றையும் கொண்டு போனது. 2006 ஓகஸ்டில் மூதூர்ச் சனம் உடுத்த உடுப்போடு கந்தளாய்க்கு ஓடியபோது அலுமாரியைத் தூக்கிக்கொண்டு போகவில்லை. யுத்த காலம் முழுக்க இந்த மாவட்டத்தின் ஒவ்வோர் ஊருக்கும், எல்லா இனத்தாருக்கும், இப்படியொரு கதை உண்டு.

இந்த இழப்பு வெறும் ஞாபக இழப்போடு நிற்பதில்லை. 2020 ஜூனில் கிழக்கு மாகாணத் தொல்பொருள் மரபுரிமைகளுக்கென்று ஜனாதிபதி செயலணி அமைக்கப்பட்டது. தமிழ் பேசுவோர் பெரும்பான்மையாக வாழும் மாகாணத்துக்கான அந்தச் செயலணியின் முதல் உறுப்பினர் பட்டியலில் ஒரு தமிழரும் இல்லை, ஒரு முஸ்லிமும் இல்லை. நாம் குரல் கொடுத்தோம்; அது நியாயமான குரல். ஆனால் அந்த நேரத்தில் எங்களையும் சேர்த்துக்கொண்டு, ‘உங்கட மாவட்டத்தில் பாதுகாக்க வேண்டியவற்றின் பட்டியலைத் தாருங்கோ’ என்று கேட்டிருந்தால் என்ன கொடுத்திருப்போம்? பழைய பள்ளிவாசல்கள், மையவாடிகள், தோணித்துறைகள், குளக்கட்டுகள் என்று ஊர் ஊராக எழுதிய ஒரு கொப்பியாவது நம்மிடம் இருந்ததா?

இங்கேதான் விடுமுறையும் நூதனசாலையும் சந்திக்கின்றன. அவை இரண்டும் சந்தித்த பழைய கதையொன்று நமது சமூகத்திடமே உண்டு. 1877 ஜனவரி முதலாம் திகதி திறக்கப்பட்ட கொழும்பு நூதனசாலையைத் தேசாதிபதி வில்லியம் கிரகரிக்காகக் கட்டிக் கொடுத்தவர் மர்ஹூம் அரசி மரிக்கார் வாப்பிச்சி மரிக்கார். பிற்காலத்தில் அறிஞர் சித்தி லெப்பையோடு சேர்ந்து மருதானை ஸாஹிறாவுக்கு அடித்தளமிட்டவரும் அவரே. கட்டடத்தைப் பார்த்து மகிழ்ந்த தேசாதிபதி, ‘உமக்கு என்ன கௌரவம் வேண்டும்?’ என்று கேட்க, தமக்கென்று பட்டமோ காணியோ கேட்காமல், ஜும்ஆ நாளில் நூதனசாலையை மூடவேண்டும் என்று மட்டும் அவர் கேட்டதாக வழிவழியாகச் சொல்லப்படுகிறது. நீண்ட காலம் கொழும்பு நூதனசாலையின் விடுமுறை நாள் வெள்ளிக்கிழமையாகவே இருந்தது. அந்தப் பெரிய மனிதர் நமக்கு ஒரு விடுமுறையைப் பெற்றுத் தந்தார். உள்ளே வைப்பதற்குரியவற்றைத் தேடித் தொகுப்பது அவருக்குப் பின் வந்தவர்களின் பொறுப்பாக இருந்தது.

முயற்சிகள் நடக்காமல் இல்லை. தேசிய மீலாத் விழாவை ஒவ்வொரு மாவட்டமாக நடத்தி, அதையொட்டி அந்த மாவட்ட முஸ்லிம்களின் வரலாற்று நூலை வெளியிடும் நல்ல மரபு இருக்கிறது. ஒரு விடுமுறை நாள் ஆய்வு நூலாக மாறலாம் என்பதற்கு அது சாட்சி. காத்தான்குடியில் 2015இல் திறக்கப்பட்ட பூர்வீக நூதனசாலை கிழக்கு முஸ்லிம்களின் வாழ்வைக் கண்முன்னே கொண்டுவந்தது. ஆளுயர உருவங்களை வைத்தது பற்றி அங்கே மார்க்க ரீதியான விவாதமும் எழுந்தது. அந்த விவாதத்துக்குள் இறங்காமலே ஒன்றைச் சொல்லலாம்: பொருட்களுக்கு உருவம் தேவையில்லை. நெல் அளந்த மரைக்காலும், பன்பாயும், படிக்கமும், வட்டாவும், நாலு பேர் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்ட சஹனும் தாமாகவே பேசும். பழைய மௌலிதுக் கிதாபுகளை, ‘இப்ப நாங்க ஓதுறதில்லையே’ என்று கழித்துவிடும் வீடுகளும் இருக்கின்றன. ஓதுவதும் ஓதாததும் மார்க்க விளக்கம் சம்பந்தப்பட்டது. நமது மூத்தாப்பா எந்த எழுத்தில் வாசித்தார் என்பதற்கு அந்தக் கிதாபுதான் சாட்சி. சாட்சியைக் கிணற்றில் போடுவது எந்தத் தரப்புக்கும் நல்லதல்ல.

பெரிய கட்டடம், பெரிய நிதி என்று காத்திருக்கத் தேவையில்லை. நமது பாடசாலைகளுக்கு நோன்பு காலத்தில் விடுமுறை உண்டு. மற்றப் பாடசாலைகளுக்கு இல்லாத இந்த விடுமுறை நமக்குக் கிடைத்த வசதி. அந்த நாட்களில் உயர்வகுப்பு மாணவர்கள் தங்கள் தெருவிலுள்ள பத்து வீடுகளுக்குப் போகட்டும். ஒரு கொப்பியில் நாலு விஷயம் எழுதட்டும்: பொருள் என்ன, யாருடையது, எதற்குப் பயன்பட்டது, இதைச் சொன்னவர் யார். கைத்தொலைபேசியால் ஒரு படம். உறுதிகளையும் கிதாபுகளையும் வீட்டிலிருந்து எடுக்கவே கூடாது. பக்கம் பக்கமாகப் படம் எடுத்தால் போதும். 1956ஆம் ஆண்டின் வக்பு சட்டத்தின் கீழ் பதிவான பள்ளிவாசல்கள் தங்கள் பழைய கணக்குப் புத்தகங்களையும் ஜமாஅத் பதிவேடுகளையும் இதேபோல் படமெடுத்து வைக்கலாம். எல்லாவற்றுக்கும் மூன்று பிரதிகள் வேண்டும்: பள்ளிவாசலில் ஒன்று, பாடசாலையில் ஒன்று, பொது நூலகத்தில் ஒன்று. இனி ஒரு வெள்ளம் வந்தாலும் மூன்றும் ஒரே நாளில் போகாது.

பெருநாளுக்கு அடுத்த மூன்று நாட்களும் பாடசாலை மண்டபத்தில் கண்காட்சி. மேசையும் வெள்ளைத் துணியும் இருந்தால் போதும். கிண்ணியாவில் ஒரு மேசை பாதைக்கு. 2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளப் பாலம் திறக்கும் வரைக்கும் ஊரின் உயிர்நாடி அந்த மிதக்கும் பாதைதானே! அதன் பிறகு பிறந்த பிள்ளைகளுக்கு அது கதை. ஆனால் 2021 நவம்பரில் குறிஞ்சாக்கேணியில் படகுப் பாதை கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் பலியானபோது, அது முடிந்துபோன கதையல்ல என்று தெரிந்தது. இன்னொரு மேசை தம்பலகாமக் குடாவின் சிப்பிக்கு. கண்ணாடிபோல் ஒளி புகும் அந்த முத்துச் சிப்பியை ஆராய்ந்து 1850களிலேயே கலாநிதி கெலார்ட் அரசுக்கு அறிக்கை எழுதினார். குடாவின் வாயிலில் இருக்கும் ஊரார் நாம் என்ன எழுதினோம்? மூன்றாவது மேசையில் நிக்கல்சன் குடாக் கல்லின் படமும், அதன் வாசகத்தின் தமிழாக்கமும். பெண்களுக்கென்று தனி நேரம் ஒதுக்க வேண்டும். வீட்டுப் பொருளின் கதை அவர்களிடம்தான் இருக்கிறது. மூத்தம்மாமார் வந்து, ‘இது இப்பிடியில்ல மகன், இத இப்பிடித்தான் பிடிக்கிற’ என்று திருத்தினால் அதையும் எழுதிக்கொள்ள வேண்டும். தமிழ், சிங்கள அயலவர்களையும் கூப்பிட வேண்டும். ஒரே குளத்தில் தண்ணீர் பாய்ச்சியவர்களின் கதையை ஒரு பக்கத்தார் மட்டும் சொன்னால் அது பாதிதான்.

கண்காட்சி முடிந்ததும் பொருட்கள் வீட்டுக்குத் திரும்பும். பட்டியல் ஊரில் இருக்கும். பத்து ஊர்களின் பட்டியல்கள் சேர்ந்தால் அதுவே மாவட்ட வரலாற்றின் முதல் ஆவணம். நாளைக்கு ஒரு நூதனசாலை எழுந்தாலும், துறைமுகத்து நூதனசாலையில் ஓர் அறை கேட்டாலும், ஏதாவதொரு செயலணியின் முன் போய் நின்றாலும் கையில் கொடுக்க அது இருக்கும். ஹலபிலிருந்து வந்தவர் தம் மகளுக்காக ஒரு கல்லை எழுதிவைத்தபடியால்தான் ஏறக்குறைய 700 வருடங்களுக்குப் பிறகும் அவளைப் பற்றிப் பேசுகிறோம். அடுத்த நோன்பு விடுமுறையில், இன்ஷா அல்லாஹ், ஒரு தெருவிலாவது இந்தக் கொப்பி திறக்கட்டும்.