கோள்: ஒளியைக் கொள்வதா, பிடித்துக் கொள்வதா?

சூரியனிடமிருந்து ஒளியைக் கொள்வதால் ‘கோள்’ என்று பெயர் வந்தது என்பார்கள். வகுப்பறையிலும் மேடையிலும் பலமுறை கேட்ட விளக்கம் இது. கேட்பதற்கு இனிமையாகத்தான் இருக்கிறது. அறிவியலுக்கும் பொருந்துகிறது, தமிழின் பெருமையையும் சொல்கிறது. ஆனால் அந்தச் சொல் நடந்து வந்த வழியைப் பின்தொடர்ந்து போனால் வேறு கதை கிடைக்கிறது. அது இன்னும் சுவையான கதை.

வேரில் சிக்கல் இல்லை. கெடு என்பது கேடு ஆகிறது, பெறு என்பது பேறு ஆகிறது, சுடு என்பது சூடு ஆகிறது. அப்படியே கொள் என்பது கோள் ஆகிறது. முதனிலை திரிந்த தொழிற்பெயர் என்று இலக்கணம் இதற்குப் பெயர் சொல்லும். குறிக்கோள், மேற்கோள், வேண்டுகோள் எல்லாம் இந்த வேரில் கிளைத்தவை. திருக்குறளின் 9-ஆம் குறளில் வரும் கோள், ஐம்பொறிகள் தத்தம் புலன்களைப் பற்றும் ஆற்றலைக் குறிக்கிறது. எனவே கோள் என்றால் கொள்ளுதல். வானத்தில் இருக்கும் இவை எதைக் கொள்கின்றன என்பதுதான் கேள்வி.

சங்கப் புலவர்கள் வானத்து ஒளிகளை இரண்டாகப் பிரித்திருந்தார்கள்: நாள்மீன், கோள்மீன். பட்டினப்பாலையில் இரண்டும் அருகருகே வருகின்றன. நாள்மீன் என்பது அசுவினி, பரணி, கார்த்திகை என்று நாள் கணக்குக்கு உதவும் விண்மீன். அது தன் கூட்டத்தை விட்டு நகராது. கோள்மீன் அப்படியல்ல. இன்று ஒரு விண்மீனுக்கு மேற்கே நிற்கும் வியாழன் சில வாரங்களில் அதைத் தாண்டிக் கிழக்கே போயிருக்கும். செவ்வாய் இன்னும் வேகம். ஏறத்தாழ 26 மாதங்களுக்கு ஒருமுறை அது தயங்கி நின்று, சில வாரங்கள் பின்னோக்கிப் போய், மறுபடி முன்னே வரும். பஞ்சாங்கம் இதை வக்கிரம் என்கிறது. உள்வட்டத்தில் விரைந்து வரும் பூமி செவ்வாயை முந்திச் செல்வதால் நமக்குத் தெரியும் தோற்றம் அது. கிரேக்கர்கள் இந்த அலைச்சலைப் பார்த்து ‘அலைபவை’ என்று பொருள்படப் பெயரிட்டார்கள். ஆங்கிலச் சொல்லான பிளானட் அதன் வழி வந்தது. தமிழ் அந்த அலைச்சலைப் பெயராக்கவில்லை.

சிறுபாணாற்றுப்படையில் ஓர் இடம் உண்டு. நல்லியக்கோடன் பாணர்களுக்கு உணவு பரிமாறும் பொற்கலத்தை, கோள்மீன்கள் சூழ்ந்த இளஞ்சூரியனோடு ஒப்பிடுகிறார் புலவர். இதைக் காட்டி, கோள்கள் சூரியனைச் சுற்றுவதைத் தமிழர் அன்றே கண்டுவிட்டார்கள் என்று சிலர் சொல்வதுண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நடுவே பெரிய தட்டும் சுற்றிலும் கிண்ணங்களும் இருக்கும் அழகைத்தான் புலவர் சொல்கிறார். சுற்றுப்பாதை பற்றிய பேச்சே அங்கே இல்லை. அந்தப் பாட்டின் பெருமைக்கு அந்த அழகே போதும்.

தனித்தனிக் கோள்களுக்கு நிறத்தை வைத்துப் பெயர் அமைந்தது. வெள்ளியும் வெண்மீனும் வெண்மையால் வந்தவை, செவ்வாய் செம்மையால் வந்தது. சனிக்கு மைம்மீன், கரியவன், காரி என்ற பெயர்கள். கண்ணுக்கு அது மங்கிய மஞ்சளாகவே தெரியும், கருப்பாக அல்ல. அந்தக் கருமை அச்சத்தின் நிறம் என்பது என் கருத்து. கபிலர் பாரியின் நாட்டைப் பாடும் புறநானூற்று 117-ஆம் பாட்டில், மைம்மீன் புகைந்தாலும் வெள்ளி தென்திசை போனாலும் அந்த நாட்டின் வளம் குன்றாது என்கிறார். அந்தப் புகழ்ச்சியைப் புரட்டிப் பார்த்தால் மக்களின் நம்பிக்கை தெரிகிறது: மற்ற நாடுகளில் இவை தோன்றினால் மழை பொய்க்கும், கேடு வரும். கோள்மீன் வெறும் ஒளிப்புள்ளியாக இருக்கவில்லை. அது மண்ணில் இருப்பவர்களை வந்து தொட்டது.

இனி ‘கொள்’ என்ற வினைக்கே வருவோம். 1146-ஆம் குறளில் காதலர் சந்திப்பு ஊரெல்லாம் பரவியதைச் சொல்லும்போது, திங்களைப் பாம்பு பிடித்த செய்தி பரவுவதை உவமையாக்குகிறார் வள்ளுவர். பாம்பு பிடிப்பதற்கு அவர் கையாளும் வினை ‘கொள்’. நாம் தேடியது இங்கே கிடைத்துவிடுகிறது. வானத்தில் ஒன்று மற்றொன்றைப் பற்றுவதற்குத் தமிழில் வழங்கிய வினை இதுதான். வடமொழியிலும் இதே நிலை. பற்றுதல் என்று பொருள்படும் வேரிலிருந்து கிரகம் என்ற சொல்லும் கிரகணம் என்ற சொல்லும் வந்தன. குழந்தைகளைப் பிடித்து நோய் தருவதாக நம்பப்பட்ட ஆவிகளுக்கும் கிரகம் என்றே பெயர். பாலகிரக தோஷம் என்று நம் பாட்டிமார் சொன்னது அந்தப் பழைய பொருள்தான்.

ஊர்ப்பேச்சு இதை இன்றுவரை விடவில்லை. கிரகணம் ‘பிடிக்கிறது’. கிரகம் ‘பிடித்தவன்’ என்று ஏசுகிறோம். சனி ‘பிடித்தது’ என்று நொந்துகொள்கிறோம். எத்தனை ஆண்டு பிடிக்கும் என்று கேட்டால் ஏழரை என்று விடை வரும். அந்த ஏழரையில் உண்மையான வானியல் கணக்கு இருக்கிறது. சனி சூரியனை ஒருமுறை சுற்றிவர ஏறத்தாழ 29.5 ஆண்டு ஆகிறது. முழு எண்ணாக 30 என்று வைத்துக்கொண்டு 12 ராசிகளுக்குப் பங்கிட்டால் ஒரு ராசிக்கு இரண்டரை ஆண்டு. பிறந்த ராசி, அதற்கு முந்தியது, பிந்தியது என மூன்று ராசிகளைக் கடக்க ஏழரை ஆண்டு. வியாழனுக்கு ஒரு சுற்று 11.86 ஆண்டு. அதனால்தான் அது சிம்ம ராசிக்கு வரும் மாசி மகத்தில் கும்பகோணம் மகாமகம் ஏறத்தாழ 12 ஆண்டுக்கு ஒருமுறை வருகிறது: 1992, 2004, 2016. சனி யாரையும் பிடிப்பதில்லை. 100 கோடி கிலோமீட்டருக்கும் அப்பால் அது தன் வழியில் போய்க்கொண்டிருக்கிறது. ஆனால் அதன் வேகத்தை வெறுங்கண்ணால் பார்த்து இவ்வளவு செம்மையாகக் கணித்தவர்களை வணங்கத் தோன்றுகிறது.

7-ஆம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் பாடிய கோளறு பதிகத்தில் பொருள் இன்னும் தெளிவாகிறது. கோளும் நாளும் அடியாரை வந்து நலியக்கூடாது என்பதே அந்தப் பதிகத்தின் நோக்கம். ஞாயிறு முதல் சனி வரை கிழமை வரிசையில் ஏழையும் சொல்லி, இரண்டு பாம்புகளையும் சேர்க்கிறார். ஒளியைக் கொள்வதால் கோள் என்ற விளக்கம் இங்கே உடைகிறது. ஞாயிறு யாரிடமிருந்தும் ஒளியைக் கொள்வதில்லை. ராகு, கேது என்னும் பாம்புகளுக்கு உடலே இல்லை, ஒளி எங்கிருந்து வரும்? நிலவின் பாதையும் சூரியனின் தோற்றப் பாதையும் வெட்டிக்கொள்ளும் இரண்டு புள்ளிகள்தாம் அவை. ஒன்பதுக்கும் பொதுவாக நிற்கும் பொருள் ஒன்றே: பிடிப்பவை. வெள்ளிக்கு ஒளி சூரியனிடமிருந்து வருகிறது என்பதற்குக் கண்கூடான சான்று, 1610-இல் கலீலியோ அது பிறைபோல் தேய்ந்து வளர்வதைத் தொலைநோக்கியில் கண்டபோது கிடைத்தது. இன்றைய அறிவைப் பழைய சொல்லுக்குள் திணித்து வேர் சொல்வது சொல்லாராய்ச்சி ஆகாது.

இதோடு ஒட்டிய இன்னொரு குழப்பம், ஒன்பது என்ற எண். 1930-இல் புளூட்டோ கண்டுபிடிக்கப்பட்டதிலிருந்து 2006 வரை பாடநூல்களில் கோள்கள் ஒன்பது. கோயில்களில் நவக்கிரகங்களும் ஒன்பது. இரண்டும் ஒன்றே என்று நம்புவோர் ஏராளம். பொதுவானவை புதன், வெள்ளி, செவ்வாய், வியாழன், சனி ஆகிய ஐந்து மட்டுமே. நவக்கிரக மேடையில் பூமி கிடையாது. பாடநூல் பட்டியலில் சூரியன், சந்திரன், ராகு, கேது கிடையாது. 1781-இல் ஹெர்ஷல் கண்ட யுரேனஸும் 1846-இல் கண்டறியப்பட்ட நெப்டியூனும் நம் பழைய நூல்களில் இல்லை.

20-ஆம் நூற்றாண்டில் பாடநூல்கள் கிரகத்தை விலக்கிக் கோளை அழைத்துக்கொண்டபோது, அந்தச் சொல்லிலிருந்து அச்சம் உதிர்ந்தது. துணைக்கோள், சிறுகோள், செயற்கைக்கோள், கோளரங்கம் என்று புதுச் சொற்கள் பிறந்தன. செயற்கைக்கோள் என்று சொல்லும்போது யாருக்கும் நடுக்கம் வருவதில்லை. கோள் உருண்டையாக இருப்பதால் அதைக் கோளம் என்பதோடு முடிச்சுப் போடுவோரும் உண்டு. கோளம் வடமொழிச் சொல், உருண்டை என்று பொருள். பூகோளம் அதிலிருந்து வந்தது. சென்னைக் கோட்டூர்புரத்தில் இருப்பது கோள் அரங்கம், கோள அரங்கம் அல்ல.

2006 ஆகஸ்ட் 24 அன்று பிராகா நகரில் கூடிய பன்னாட்டு வானியல் ஒன்றியம் கோளுக்கு மூன்று நிபந்தனைகள் விதித்தது. சூரியனைச் சுற்ற வேண்டும். தன் ஈர்ப்பாலேயே ஏறத்தாழ உருண்டையாகியிருக்க வேண்டும். தன் பாதையின் சுற்றுப்புறத்தைத் துடைத்துத் தன்வசப்படுத்தியிருக்க வேண்டும். மூன்றாவதில் புளூட்டோ தவறிக் குறுங்கோள் ஆயிற்று. தன் வழியைத் தன்வசம் கொண்டதே கோள் என்று இந்த விதியைத் தமிழில் சொன்னால், பழைய வேருக்கும் அது பொருந்திவிடுகிறது. தற்செயல்தான். இதை வைத்து முன்னோர் பிராகாத் தீர்மானத்தை அறிந்திருந்தார்கள் என்று யாரும் கிளம்பிவிடக் கூடாது.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். கோள் என்ற சொல்லைக் கற்பிக்கும்போது, ஒளியைக் கொள்வது என்ற விளக்கத்தை விட்டுவிடுங்கள். பிடிப்பது என்பதே அதன் பழைய பொருள் என்று சொல்லுங்கள். மனிதரைப் பிடிக்கும் என்று எதைக் கண்டு அஞ்சினோமோ அதைச் சுற்றிவரக் கலம் அனுப்பியிருக்கிறோம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். 2014 செப்டம்பர் 24 அன்று மங்கள்யான் செவ்வாயின் சுற்றுப்பாதையில் நுழைந்தது. அத்திட்டத்தின் இயக்குநர் திருநெல்வேலி மாவட்டத்துக்காரரான சுப்பையா அருணன்.