பஞ்ச நிவாரணமும் வணிகத் துணையும்: சென்னை வரலாறு தரும் பாடம்

ஈக்காட்டுத்தாங்கல் அடையாற்றங்கரையில் அமைந்த பகுதியாகும். தாங்கல் என்னும் சொல் நீரைத் தேக்கும் சிறு ஏரியைக் குறிக்கும். 2015 டிசம்பர் தொடக்கத்தில் அடையாறு கரைபுரண்டு இப்பகுதியை மூழ்கடித்தது. விமான நிலையம் சில நாள்கள் மூடப்பட்டமையால், அரக்கோணம் கடற்படைத் தளத்திலிருந்து விமானங்கள் இயக்கப்பட்டன. இத்தகைய வேளைகளில் திருச்சபைகள் லாரி உரிமையாளர், கிடங்குக்காரர், மொத்த வணிகர் ஆகியோரையே நாடுகின்றன. அவர்களுள் எவரைத் துணையாகக் கொள்வது? இவ்வினா சென்னைக்குப் புதியதன்று.

1876ஆம் ஆண்டு பருவமழை பொய்த்துப் பெரும் பஞ்சம் தோன்றியது. பக்கிங்காம் கோமகனாரைத் தலைவராகக் கொண்ட சென்னை அரசு, 30,000 டன் தானியத்தைச் சேமக் கையிருப்பாக வாங்கத் துணிந்து, அப்பணியை அர்பத்நாட் கம்பெனியிடம் ஒப்படைத்தது. அரசே வாங்குகிறது என்பது வெளிப்பட்டால் தனி வணிகர் பின்வாங்குவர் என்றஞ்சி, கொள்முதல் மறைவாகவே நடைபெற்றது. லிட்டன் பிரபுவின் இந்திய அரசு இதனை ஏற்கவில்லை. 1877 சனவரியில் சர் ரிச்சர்டு டெம்பிள் அனுப்பப்பட்டார். தானிய வணிகம் தனியாரிடமே விடப்பட்டது.

ஆயினும் இடர்ப்பாடு கொள்முதலில் மட்டும் இருந்ததன்று. கப்பல்கள் கொணர்ந்த தானியம் சென்னைக் கடற்கரையில் குவிந்து கிடக்க, அதனை உள்நாட்டு மாவட்டங்களுக்கு ஏற்றிச்செல்ல இருப்புப்பாதைகளால் இயலவில்லை. சரக்கு இருந்தது, வண்டி இல்லை. பல இலட்சம் மக்கள் மாண்டனர்.

முப்பது ஆண்டுகளுக்குப் பின், 1906 அக்டோபரில், அதே அர்பத்நாட் நிறுவனம் நொடித்து வீழ்ந்தது. அதனை நம்பிப் பணமிட்ட பல்லாயிரவர் நலிவுற்றனர். பஞ்சக் கொள்முதலில் அது தவறிழைத்தது என்று இதனால் கூற இயலாது. ஆனால் ஒரு நிறுவனத்தின் பெரும்பெயர் அதன் உறுதிக்குச் சான்றாகாது என்பது இதனால் விளங்கும்.

இவ்வரலாறு நமக்குக் கற்பிப்பவை மூன்று. முதலாவது, உடன்படிக்கை இடருக்கு முன்னரே செய்யப்படவேண்டும். 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின், உலகச் சரக்குப் போக்குவரத்து நிறுவனங்கள் சில ஒன்றுகூடி, ஐக்கிய நாடுகளின் உணவுத் திட்டத்திற்கு இடர்க்காலத்தில் துணைநிற்க முன்கூட்டியே இசைந்தமை இதற்கு எடுத்துக்காட்டு. இரண்டாவது, பொருளை வாங்குபவரை மட்டுமன்றி, கடைசிக் கல் வரை கொண்டுசேர்ப்பவரையும் ஆராயவேண்டும்: பாலம் மூழ்கினால் மாற்றுவழி எது? கிடங்கு மேட்டுநிலத்தில் உள்ளதா? ஓட்டுநருக்கு அப்பகுதி தெரியுமா? மூன்றாவது, விலையும் கணக்கும் வெளிப்படையாக இருத்தல் வேண்டும். சபையாரில் ஒருவர் என்பதற்காகவோ, நன்கொடையாளர் என்பதற்காகவோ ஒருவரைத் தெரிந்தெடுப்பது முறையன்று.

நம் வேதாகமத்தில் உக்கிராணக்காரன் என்னும் சொல் பண்டகசாலைப் பொறுப்பாளனைக் குறிக்கிறது. எகிப்தில் யோசேப்பு தானியம் சேர்த்தது பஞ்சத்திற்கு முந்திய நிறைவான ஆண்டுகளில்தான். ஆயர்கள் இவ்வினாக்களைக் கேட்கவேண்டிய காலம் வடகிழக்குப் பருவமழைக்கு முந்திய கோடையே.