அந்தமானில் மழிப்புக் கருவிகள்: கற்சில்லும் சவரக்கத்தியும்

முன்னுரை

‘மழித்தல்’ தமிழில் பழைமையான சொல். திருக்குறளின் 280ஆம் குறள் அச்சொல்லைத் துறவு வேடத்தோடு இணைத்துப் பேசுகிறது. வடசொல் வழிவந்த ‘சவரம்’ பின்னர்த் தொழிற்பெயராக நிலைபெற்று, ‘சவரக்கத்தி’ என்னும் கூட்டுச்சொல்லையும் தந்தது. நாவிதரின் கருவிப்பையை ‘அடைப்பம்’ என்பர். இச்சொற்கள் அனைத்தும் பேணிவைத்துப் பலமுறை பயன்படுத்தும் இரும்புக் கருவியை அடிப்படையாகக் கொண்டவை. இதற்கு முற்றிலும் மாறான மழிப்பு மரபொன்று வங்கக் கடலின் அந்தமான் தீவுகளில் நிலவியது. அவ்விரு மரபுகளும் அங்குச் சந்தித்த வரலாற்றை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெண்டிர் கைவினையாகிய கற்சில்லு

1869 முதல் 1901 வரை அந்தமான், நிக்கோபார் தீவுகளில் பணியாற்றிய ஈ. எச். மேன், பெரிய அந்தமானியரின் வாழ்வியலை விரிவாகப் பதிவு செய்தார். அவர்தம் நூல் தரும் செய்திகளுள் மழிப்பு பற்றியவை கருதத்தக்கன. அந்தமானியர் வெண்படிகக் கல்லைத் தீயிலிட்டுச் சூடேற்றி, பின்னர் ஒரு கல்லின்மேல் வைத்து மற்றொரு கல்லால் உடைத்துச் சில்லுகளைப் பெற்றனர். கத்தி அலகு போன்ற விளிம்புடையவை மழிப்பதற்கும், கூர்நுனி உடையவை உடலில் பச்சைக் கீறல் இடுவதற்கும் எனப் பிரிக்கப்பட்டன. சில்லு எடுத்தல், மழித்தல், கீறுதல் ஆகிய மூன்றும் பெண்டிர்க்குரிய பணிகள்.

ஒரு சில்லு ஒருமுறைக்குமேல் பயன்படுத்தப்படவில்லை என்பதும், ஒரு தலையை மழிக்கவே பல சில்லுகள் தேவைப்பட்டன என்பதும் மேன் தரும் முக்கியச் செய்திகளாகும். பயன்படுத்திய சில்லு, பிறர் காலில் குத்தாதவாறு குப்பைமேட்டில் எறியப்பட்டது. இக்குப்பைமேடுகளே இன்று தொல்லியலாளர்க்கு மூலச்சான்றுகளாக உள்ளன. தெற்கு அந்தமானின் சோல்தாரியில் சரீன் கூப்பர் அகழ்ந்த மேட்டின் தொன்மை ஏறத்தாழ 2,200 ஆண்டுகள் எனக் கணிக்கப்பட்டுள்ளது.

புட்டிக் கண்ணாடியின் வரவு

1858 மார்ச்சில் ஆங்கிலேயர் போர்ட் பிளேரில் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) தண்டனைக் குடியிருப்பை நிறுவினர். அதன்பின் கண்ணாடிப் புட்டிகள் அந்தமானியர்க்கு எளிதில் கிடைத்தன. பெண்டிர் படிகக் கல்லை விடுத்துப் புட்டிக் கண்ணாடியை உடைத்துச் சில்லெடுக்கத் தொடங்கினர். 1906 முதல் 1908 வரை அங்குக் களப்பணி செய்த இராட்கிளிஃப் பிரவுனும் கண்ணாடிச் சில்லின் வழக்கைக் குறிப்பிடுகிறார்.

ஐரோப்பியர் பலர் அந்தமானியரைக் கற்கால மக்கள் என்றே வகைப்படுத்தினர். ஆனால் சீராக உடைந்து கூரிய விளிம்பு தரும் புதுப்பொருளைக் கண்டவுடன் அதனைத் தம் பழைய நுட்பத்திற்கு உரியதாக்கிக்கொண்ட மக்களைக் காலத்தில் உறைந்தவர் எனக் கூறுதல் பொருந்தாது. மாறியது பொருளே, செய்முறையும், செய்பவரும், ஒருமுறைப் பயன்பாடும் மாறவில்லை.

சவரக்கத்தியின் இயல்பு

தண்டனைக் குடியிருப்பில் கைதிகளுள் சிலர் நாவிதராகவும் பணியமர்த்தப்பட்டனர். அத்தொழிலுக்குரிய மடக்குச் சவரக்கத்தியின் இயல்பு சில்லிற்கு நேர்மாறானது. அதன் முதுகு தடித்தும் விளிம்பு மெலிந்தும் இருக்கும். சாணைக்கல்லில் முதுகும் விளிம்பும் ஒருசேரப் படுமாறு தேய்த்தால் தீட்டும் கோணம் தானே அமையும். அடுத்துத் தோல்வாரில் முதுகு முன்செல்லுமாறு இழுத்து விளிம்பை நேர்செய்வர். விளிம்பு முன்சென்றால் தோல் அறுபடும், கத்தியும் மழுங்கும். மழிக்கும்போது மயிரை வெந்நீராலும் நுரையாலும் மென்மையாக்கி, ஒரு கையால் தோலை இழுத்துப் பிடித்து, ஏறத்தாழ 30 பாகைச் சாய்வில் கத்தியை நகர்த்துவர். கோணம் மிகுந்தால் தோல் வெட்டுப்படும். குறைந்தால் மயிர் இழுபடும்.

சில்லு தேய்ந்தால் புதிய சில்லு எடுக்கலாம். கத்தி தேய்ந்தால் அதனை மீட்டாக வேண்டும். ஆகவே கத்தி ஒருவர் கையில் நெடுங்காலம் தங்குகிறது. பயிற்சி, உடைமை, தொழில் ஆகியன அதனைச் சூழ்ந்து அமைகின்றன. அத்துடன், கழுத்தை நீட்டுபவர் கத்தி ஏந்தியவரை நம்பியாக வேண்டும். தண்டனைக் குடியிருப்பில் இந்நம்பிக்கை தனிப்பொருள் பெற்றது.

நாவிதர் ஷேர் அலி

கைபர்ப் பகுதி அப்ரிதி இனத்தவரான ஷேர் அலி, குடிப்பகையின் காரணமாக உறவினர் ஒருவரைக் கொன்றதாக 1867இல் பெஷாவரில் மரணதண்டனை பெற்றார். அது ஆயுள் நாடுகடத்தலாகக் குறைக்கப்பட, அவர் அந்தமானுக்கு அனுப்பப்பட்டார். நன்னடத்தையால் சலுகை பெற்று, ஹோப் டவுனில் நாவிதராகப் பணியாற்றினார்.

1872 பிப்ரவரி 8 அன்று இந்திய வைசிராய் மேயோ பிரபு தீவுகளைப் பார்வையிட்டார். மாலையில், நலவாழ்வு இல்லம் அமைக்கத் தக்கதா எனக் காண ஹாரியட் மலைக்கு ஏறி, இருட்டியபின் ஹோப் டவுன் படகுத்துறைக்கு இறங்கி வந்தார். அங்கு ஷேர் அலி பின்புறமிருந்து பாய்ந்து அவர் முதுகில் குத்தினார். மேயோ அன்றிரவே உயிர் நீத்தார். பதவியில் இருந்தபோது கொலையுண்ட வைசிராய் அவர் ஒருவரே. ஷேர் அலி 1872 மார்ச் 11 அன்று வைப்பர் தீவில் தூக்கிலிடப்பட்டார்.

கொன்றவர் நாவிதர் எனின், கொன்ற கருவி சவரக்கத்தி என்னும் ஊகம் எளிதில் எழும். அது பிழை. பயன்பட்டது குத்தும் கத்தியே. நுனியின்றி, கைப்பிடியுடன் உறுதியாகப் பிணையாது மடங்கும் சவரக்கத்தி குத்துதற்கு ஏற்றதன்று. ஆயினும் நாவிதப் பணிக்கும் இந்நிகழ்ச்சிக்கும் தொடர்பு உண்டு. அப்பணி, கைதியை நம்பத்தக்கவன் என நிர்வாகம் ஏற்றதன் அடையாளம். காவலின்றி நடமாடும் உரிமை அந்நம்பிக்கையால் கிடைத்தது. ஷேர் அலியின் செயலுக்கு வாய்ப்பளித்தது அவ்வுரிமையே, அவர் தொழிற்கருவி அன்று.

எறியும் விளிம்பின் மீள்வரவு

1904இல் அமெரிக்கராகிய கில்லெட் மாற்றத்தக்க மெல்லிய அலகு கொண்ட சவரக்கருவிக்குக் காப்புரிமை பெற்றார். தீட்டும் திறன் இனித் தேவையில்லை என்பதே அதன் சிறப்பாகப் போற்றப்பட்டது. குருதிவழித் தொற்று பற்றிய அச்சம் பரவிய பின்னர் இந்தியச் சலூன்களிலும் தீட்டும் கத்தி பெரும்பாலும் மறைந்தது. மடக்குக் கத்தியின் வடிவம் மட்டும் எஞ்ச, பாதியாக முறித்த பிளேடு அதனுள் செருகப்பட்டு, ஒருவருக்குப் பயன்படுத்தியபின் எறியப்படுகிறது. ஒருமுறை விளிம்பு, உடனே எறிதல் என்னும் நெறியை அந்தமான் பெண்டிர் இதற்கு நெடுங்காலம் முன்பே கைக்கொண்டிருந்தனர்.

முடிவுரை

கல்லிலிருந்து இரும்புக்கும் இரும்பிலிருந்து பிளேடுக்கும் மழிப்புக் கருவி படிப்படியாக உயர்ந்தது என்னும் கருத்து அந்தமான் சான்றுகளோடு ஒத்துவரவில்லை. பேணும் விளிம்பு, எறியும் விளிம்பு என்னும் இரு நெறிகளே காணப்படுகின்றன. முன்னது தொழிலாளியையும் அவர்மீதான நம்பிக்கையையும் வேண்டியது. பின்னது உடைக்கும் கையின் நுட்பத்தை மட்டும் வேண்டியது.

அக்கைகள் விரைந்து மறைந்தன. 1877இல் பரவிய தட்டம்மை உள்ளிட்ட நோய்களால் பெரிய அந்தமானியர் பேரழிவுக்கு ஆளாயினர். 1901ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 625 பேராக இருந்தோர் 1961இல் 19 பேராயினர். சவரக்கத்தி ஏந்திய ஒருவரின் பெயர் வைசிராயின் மரணத்தால் ஆவணங்களில் நிலைத்தது. சில்லெடுத்த பெண்டிரின் பெயர்களோ அவ்வாறு நிலைக்கவில்லை. அவர்கள் எறிந்த சில்லுகளே எஞ்சியுள்ளன. அந்தமானின் குப்பைமேடுகளைக் காப்பது, ஆவணம் பேசாத அக்கைவினையின் வரலாற்றைக் காப்பதாகும்.