சுவரின் கீழ்வரிசை

குழந்தைகள் வரைந்த படங்களை வைத்துச் சொல்லப்படும் நகைச்சுவைக் கதைகளில் ஒன்று உலகத்தையே சுற்றி வந்திருக்கிறது. அமெரிக்காவில் ஒரு சிறுமி, பெரியவளானதும் அம்மாவைப் போல ஆக வேண்டும் என்று ஒரு படம் வரைந்து பள்ளிக்குக் கொண்டுபோகிறாள். படத்தின் நடுவில் அம்மா ஒரு கம்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். சுற்றிலும் பணத்தை நீட்டியபடி ஆட்கள். மறுநாள் அம்மாவிடமிருந்து ஆசிரியைக்குக் கடிதம் வருகிறது. தான் கம்பத்தைப் பிடித்து ஆடும் நடனக்காரி இல்லை, ஹார்டுவேர் கடையில் வேலை பார்ப்பவள் என்கிறாள் அவள். பனிப்புயல் நேரத்தில் பனி அள்ளும் மண்வாரிகள் விற்றுத் தீர்ந்துபோக, மிஞ்சிய ஒன்றுக்குக் கூட்டம் அடித்துக்கொண்டதாம். மகள் வரைந்தது அந்தக் காட்சியைத்தான்.

நல்ல நகைச்சுவைதான். ஆனால் இதில் யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம்? குழந்தை தவறாக எதுவும் வரைந்துவிடவில்லை. கடை, கூட்டம், பணம், நீளக் காம்பு வைத்த மண்வாரி, எல்லாம் இருந்தது இருந்தபடி இருக்கின்றன. ஒரு பெண், ஒரு கம்பு, சுற்றிலும் பணத்தோடு ஆட்கள் என்றதும் பார்ப்பவர் மனதில் முதலில் எழும் காட்சி எது என்பதில்தான் சிரிப்பு இருக்கிறது. அந்தக் காட்சியை மனதில் தயாராக வைத்திருப்பவர்கள் பெரியவர்கள். கடைசியில் விளக்கக் கடிதம் எழுத வேண்டியவள் அம்மா. இதே படத்தில் அப்பா மண்வாரியோடு நின்றிருந்தால் கதையே கிடையாது.

குழந்தைகளின் படங்களைப் பற்றி எழுதப்பட்ட முதல் புத்தகங்களில் ஒன்று, பெரியவர்கள் வரைந்த ஆபாசப் படங்களுக்கு அடியில்தான் பிறந்தது. 1882-83 குளிர்காலத்தில் இத்தாலியின் பொலோன்யா நகரில் கொர்ராதோ ரிச்சி என்ற இளைஞர் மழைக்கு ஒரு நீண்ட தாழ்வாரத்தில் ஒதுங்கினார். சுவர் முழுக்கக் கிறுக்கல்கள். மேலே, வளர்ந்தவர்களின் கைக்கு எட்டும் உயரத்தில் வசைகளும் அசிங்கங்களும். கீழே, சிறுவர்களின் கைக்கு எட்டும் உயரத்தில் வேறொரு வரிசை. கீழ்வரிசையில் கைத்திறனும் ஒழுங்கும் குறைவு, கண்ணியம் அதிகம் என்று ரிச்சிக்குப் பட்டது. பிறகு அவர் பிள்ளைகளின் படங்களை ஆயிரத்துக்கும் மேல் திரட்டி, 1887இல் 'குழந்தைகளின் கலை' என்ற சிறு நூலை வெளியிட்டார்.

குதிரைமேல் பக்கவாட்டில் போகிற வீரனுக்கு இரண்டு கால்களும் தெரிவதையும், கோபுரத்துக்குள் நின்று மணியடிப்பவன் சுவரைத் தாண்டித் தெரிவதையும் ரிச்சி கவனித்தார். குழந்தை தன் கண்ணுக்குத் தெரிவதை வரைவதில்லை, தனக்குத் தெரிந்ததைச் சொல்கிறது என்றார். பிரான்சில் ழோர்ழ்-ஆன்றி லுக்கே இதை இன்னும் தெளிவாக்கினார். தன் மகள் சிமோன் வரைந்த படங்களை ஒவ்வொன்றாகத் தேதியிட்டுச் சேர்த்து, 1913இல் அவர் ஒரு பெரிய புத்தகமே போட்டார். மண்ணுக்கடியில் உருளைக்கிழங்கு இருப்பது குழந்தைக்குத் தெரியும். அதனால் மண் கண்ணாடியாகிவிடும். அம்மா வயிற்றில் தம்பி இருப்பது தெரியும். அதனால் சேலையும் தோலும் விலகி வழிவிடும். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கானது என்று நாம் சிரிக்கிறோம். குழந்தையின் கணக்கில் அது பிள்ளையாரேதான்.

இந்தச் சிரிப்பு ரிச்சிக்கு வெகுகாலம் முந்தையது. இத்தாலியின் வெரோனா நகரத்து ஓவியர் ஜொவான்னி பிரான்செஸ்கோ கரோட்டோ 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தீட்டிய ஒரு படத்தில் செம்பட்டைத் தலைமுடிச் சிறுவன் ஒருவன் தான் கிறுக்கிய மனித உருவத்தை நம்மிடம் காட்டிச் சிரிக்கிறான். ஐரோப்பிய ஓவியத்தில் குழந்தையின் கிறுக்கல் இடம்பெற்ற மிகப் பழைய சான்றுகளில் அது ஒன்று. அதற்கும் முன்னால், 13ஆம் நூற்றாண்டில் ரஷ்யாவின் நோவ்கரோது நகரில் ஒன்ஃபீம் என்ற சிறுவன் பூர்ச்ச மரப்பட்டையில் எழுத்துப் பழகினான். நடுநடுவே குதிரை வீரனாகத் தன்னையே வரைந்துகொண்டான். ஒரு விநோத மிருகத்தை வரைந்து, அதுவும் நானே என்று எழுதி வைத்தான். கைகள் சீப்பைப் போல இருக்கும், விரல்களின் எண்ணிக்கை அவன் இஷ்டம். 1956இல் மண்ணிலிருந்து அவை வெளிவந்தபோது உலகமே ரசித்தது. அந்த ஊரில் முதல் மரப்பட்டைக் கடிதத்தை 1951 ஜூலை 26 அன்று மண்ணிலிருந்து எடுத்தவர் நினா அகூலோவா என்ற பெண் கூலித் தொழிலாளி. ஒன்ஃபீமைத் தெரிந்தவர்களில் எத்தனை பேருக்கு அவரைத் தெரியும்?

ஒன்ஃபீம் சிறுவன், கரோட்டோவின் பிள்ளையும் சிறுவன். எழுதப் பழக மரப்பட்டை கொடுத்து உட்காரவைக்கப்பட்ட பிள்ளைக்குத்தான் ஓரத்தில் கிறுக்க இடமும் கிடைத்திருக்கும். அந்தக் காலத்துச் சிறுமிகளும் கையில் கரி கிடைத்தபோதெல்லாம் கிறுக்கியிருப்பார்கள் என்றே நான் நம்புகிறேன்.

ரிச்சிக்குப் பிறகு சிரிப்போடு விஞ்ஞானமும் சேர்ந்துகொண்டது. இங்கிலாந்தின் உளவியலாளர் ஜேம்ஸ் சல்லி 1895இல் குழந்தைப் பருவம் பற்றி எழுதிய நூலில் சிறுவர் ஓவியங்களுக்கும் இடம் ஒதுக்கினார். அவற்றை அவர் 'காட்டுமிராண்டிகள்' என்று அன்றைய ஐரோப்பா அழைத்த மக்களின் படங்களுக்குப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார். குழந்தை, காலனி நாட்டவர், இன்னும் முழுதாக வளராதவர்கள் என்று ஒரு பட்டியல் அந்தக் காலத்தில் இருந்தது. அதில் பெண்ணுக்கும் வழக்கமாக ஓர் இடம் உண்டு. சல்லி விளக்கிய இன்னொரு சங்கதி எனக்கு இன்னும் சுவையானது. குழந்தையைக் குளிர்ந்த கண்ணோடு கவனிக்கும் வேலை அம்மாவுக்குச் சரிப்படாது, பாசம் கண்ணை மறைத்துவிடும், அதை விஞ்ஞானம் படித்த அப்பா செய்யட்டும் என்ற ரீதியில் அவர் எழுதினார். இருபத்துநாலு மணி நேரமும் குழந்தையோடு இருப்பவள் சாட்சி சொல்லத் தகுதியற்றவள், மாலையில் வீட்டுக்கு வருகிறவர் தகுதியானவர்!

இதே காலத்தில் கலிபோர்னியாவில் மில்லிசென்ட் ஷின் என்ற அத்தை, தன் அண்ணன் தம்பி வீட்டில் பிறந்த ரூத் என்ற குழந்தையைப் பிறந்த நாளிலிருந்து கவனித்துக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். 1893 முதல் அந்தக் குறிப்புகள் பல்கலைக்கழக வெளியீடாக வந்தன. கல்லூரிப் படிப்பு முடித்த பெண்கள் பலரையும் தங்கள் வீட்டுக் குழந்தைகளைப் பற்றி அப்படியே எழுதச் சொன்னார். 1898இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற முதல் பெண் ஆனார். அதன் பிறகு? பெற்றோரைப் பார்த்துக்கொள்ளவும் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரவும் ஊருக்குத் திரும்பினார். ஆராய்ச்சி அத்தோடு நின்றது. இந்த முடிவை நம் குடும்பங்களில் யாருக்கும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

அடுத்து வந்தது மதிப்பெண். 1926இல் ஃபுளோரன்ஸ் குடெனஃப் என்ற அமெரிக்க உளவியலாளர் குழந்தையின் படத்தை வைத்தே அறிவை அளக்கும் சோதனையை வெளியிட்டார். ஒரே ஒரு கட்டளை: ஓர் ஆணின் படத்தை வரை. கழுத்து இருந்தால் ஒன்று, விரல் ஐந்தாக இருந்தால் ஒன்று, உடைக்குள் உடம்பு தெரியாமல் இருந்தால் ஒன்று என்று மொத்தம் 51 புள்ளிகள். லுக்கே மகளின் படத்தில் ரசித்த அந்தக் கண்ணாடித்தன்மை இங்கே மதிப்பெண்ணைக் கெடுத்தது. ஏன் ஆணை மட்டும் வரைய வேண்டும்? பெண்களும் குழந்தைகளும் விதவிதமாக உடுத்துகிறார்கள், ஆணின் உடைதான் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கிறது, அதனால் அளப்பது சுலபம் என்பது குடெனஃபின் பதில். சோதனை நடத்துபவரின் பார்வையில் அது நியாயமான காரணம். ஆனாலும் ஐந்து வயதுச் சிறுமியின் முன் தாளை வைத்து, நீ புத்திசாலியா என்று கண்டுபிடிக்க ஓர் ஆணை வரைந்து காட்டு என்று உலகம் முழுக்கக் கேட்டிருக்கிறார்கள். டேல் ஹாரிஸ் 1963இல் அந்தச் சோதனையைத் திருத்தியபோதுதான் பெண்ணின் படமும் தன் படமும் சேர்ந்தன. இந்தியாவுக்கும் அது 'ஆணை வரை' என்ற பெயரிலேயே வந்தது. பரோடாவில் பிரமிளா பாடக் நம் பிள்ளைகளுக்கென்று அதை அமைத்தார்.

இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்தவர் ரோடா கெல்லாக். 1898இல் பிறந்தவர். மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் படித்தபோது மாணவியர் வாக்குரிமைச் சங்கத்தின் தலைவர். 1919 ஜனவரியில் வாஷிங்டனில் பெண்கள் வெள்ளை மாளிகை முன்பு தீச்சட்டி ஏந்தாத குறையாக ஒரு கலத்தில் நெருப்பு மூட்டி, ஜனநாயகத்தைப் பற்றி அதிபர் வில்சன் ஆற்றிய உரைகளை அதில் போட்டு எரித்துக்கொண்டிருந்தார்கள். கைதான பெண்கள் நீதிமன்றத்துக்கு வந்தபோது பார்வையாளர் பகுதியில் இருந்து கைதட்டியவர்களும் சிறைக்குப் போனார்கள். கெல்லாக் அவர்களில் ஒருவர். கைதட்டியதற்கு 24 மணி நேரம். அதே மாதம் நெருப்புப் போராட்டத்தில் கலந்துகொண்டதற்கு மேலும் 5 நாட்கள்.

அந்தப் பெண் பிற்பாடு சான் பிரான்சிஸ்கோவில் மழலையர் பள்ளி நடத்தப் போனார். போராட்டத்தை விட்டுவிட்டுக் குழந்தை பார்க்கப் போய்விட்டார் என்று யாருக்காவது தோன்றினால், அந்த நினைப்பில்தான் கோளாறு. மழலையர் பள்ளி அன்றும் இன்றும் பெண்களின் வேலை, சம்பளம் குறைந்த வேலை, பெரிய ஆராய்ச்சி எதுவும் நடக்காத இடம் என்று கருதப்படும் வேலை. நம் ஊர் அங்கன்வாடி ஊழியரைக் கேட்டால் தெரியும். கெல்லாக் அங்கே இருந்துகொண்டு இரண்டு வயது, மூன்று வயதுப் பிள்ளைகள் வரைந்த தாள்களைக் குப்பைக்குப் போகவிடாமல் சேர்த்தார். பல பத்தாண்டுகளில் பத்து லட்சம் படங்கள் அவர் கண் வழியாகப் போயின என்று சொல்லப்படுகிறது.

மற்றவர்கள் மனித உருவம் வந்த பிறகுதான் படத்தைப் பார்க்கத் தொடங்கினார்கள். கெல்லாக் அதற்கும் முன்னால் போனார். 1969இல் வந்த அவருடைய முக்கிய நூல் கிறுக்கலைப் புள்ளி, நேர்கோடு, அலை, சுழி என்று 20 அடிப்படை வகைகளாகப் பிரிக்கிறது. சுழி வட்டமாகிறது, வட்டத்துக்குள் குறுக்குக்கோடு விழுகிறது, வட்டத்தைச் சுற்றிக் கதிர்கள் முளைத்துச் சூரியனாகிறது, சூரியனுக்குள் இரண்டு புள்ளி விழுந்தால் முகம், கதிர்களில் இரண்டு நீண்டால் கால். நாம் பார்த்துச் சிரிக்கிற தலைப்பிரட்டை மனிதர், உடம்பே இல்லாமல் தலையிலிருந்து கால் முளைத்தவர், இப்படிப் படிப்படியாக வந்து சேர்ந்தவர். குழந்தை அம்மாவைப் பார்த்து வரையத் தவறியதால் வந்தவர் அல்ல. உலகத்துக் குழந்தைகள் எல்லாரும் ஒரே பாதையில் நடப்பதாகவும், குறுக்குக்கோடு போட்ட வட்டத்தில் மண்டலத்தின் தத்துவம் இருப்பதாகவும் அவர் எழுதியவை மிகை என்றே எனக்குத் தோன்றுகிறது. பின்னால் வந்த ஆய்வாளர்களும் அதை மறுத்திருக்கிறார்கள். ஆனால் ஆசிரியைகளுக்கு அவர் சொன்ன யோசனை இன்னும் பழசாகவில்லை: இது என்ன என்று கேட்டுக்கொண்டே இருக்காதீர்கள், திருத்தாதீர்கள், வரைய விடுங்கள்.

இது என்ன என்ற கேள்வி சிரிப்போடு மட்டும் வருவதில்லை, பயத்தோடும் வரும். 1949இல் கேரன் மேக்கோவரும் 1968இல் எலிசபெத் கோபிட்சும் மனித உருவப் படங்களை வைத்து மனக்கலக்கத்தைக் கண்டறியும் முறைகளை முன்வைத்தார்கள். அது பரவியபின் பெரிய கையும் கருப்பு நிறமும் தொப்புளுக்குக் கீழே விழுந்த ஒரு கோடும் பெரியவர்களைக் கலங்கடித்தன. ஒரே கோட்டைப் பார்த்து ஒருவர் விழுந்து விழுந்து சிரிக்கிறார், இன்னொருவர் நடுங்குகிறார். குழந்தையிடம் உட்கார்ந்து பேசியவர் இருவருமே இல்லை. படம் தனியாக நின்று எதையும் நிரூபிக்காது. அது குழந்தையின் பேச்சோடும் வாழ்க்கையோடும் சேர்ந்துதான் பொருள் தரும்.

அப்படிச் சேர்த்துப் பார்த்த ஒரு தருணம் டெல்லியில் நடந்தது. தன் உறவினரால் பாலியல் வன்முறைக்கு ஆளான 10 வயதுச் சிறுமி. குற்றவாளியின் வழக்கறிஞர் அவள் சாட்சி சொல்லத் தகுதியற்றவள், சொல்லிக்கொடுத்ததைச் சொல்கிறாள் என்று வாதிட்டார். சல்லி அம்மாக்களைத் தள்ளிவைத்து நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேல் கடந்துவிட்டிருந்தன. நீதிமன்றத்தில் காத்திருந்த நேரத்தில் அவளை அமைதியாக வைத்திருக்கத் தாளும் கிரேயானும் கொடுத்திருந்தார்கள். அவள் ஒரு வீடு வரைந்தாள், வெறுமையாக, மங்கிய நிறங்களில். பக்கத்தில் ஒரு சிறுமி பலூன்களைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அவளுடைய கவுன் தரையில் கிடக்கிறது.

பலூன், வீடு, கோடுபோட்ட கை கால். மேலோட்டமாகப் பார்க்கிறவர் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவைத்துச் சிரித்திருக்கக்கூடிய படம். நீதிபதி கீழே கிடந்த உடையைப் பார்த்தார். நடந்தது அவள் மனதில் பதிந்திருக்கிறது, அவள் தகுதியான சாட்சிதான் என்று கொண்டார். 2017 ஜூனில் வந்த தீர்ப்பில் அந்த உறவினருக்கு 5 ஆண்டு சிறைத்தண்டனை கிடைத்தது. சிறுமியின் பெயரில் 3 லட்சம் ரூபாய் போடச் சொன்னது நீதிமன்றம்.