இருப்புப்பாதை வகுத்த சுற்றுப்பயணம்

அமெரிக்காவின் தென்மேற்கில் யூட்டா மாநிலத்தின் தென்பகுதியும் அரிசோனாவின் வடபகுதியும் சந்திக்கும் வறண்ட மேட்டுநிலத்தில், சயான், பிரைஸ், கிராண்ட் கேன்யன் ஆகிய தேசியப் பூங்காக்களை ஒரே பயணத்தில் கண்டுவரத் திட்டமிடுவோர் தம் வழியைத் தாமே தேர்வதாக எண்ணினாலும், அவ்வழியின் பெரும்பகுதி 1920களில் ஓர் இருப்புப்பாதை நிறுவனமும் அரசின் சாலைப் பொறியாளர்களும் வகுத்ததேயாகும்.

சயான் பள்ளத்தாக்கு 1909இல் தேசிய நினைவுச்சின்னமாக, அதாவது காங்கிரசின் சட்டத்துக்குக் காத்திராமல் குடியரசுத் தலைவரின் ஆணையாலேயே பாதுகாக்கப்படும் இடமாக, அறிவிக்கப்பட்டது. 1919இல் அதுவும் கிராண்ட் கேன்யனும் பூங்காக்களாயின. சட்டம் வந்த வேகத்தில் சாலை வரவில்லை. பூங்காத்துறையின் முதல் இயக்குநரான ஸ்டீஃபன் மாதர், மக்கள் வந்து பார்க்காத பூங்காவுக்குக் காங்கிரஸ் பணம் ஒதுக்காது என்று கருதியவர். ஆகவே இருப்புப்பாதை நிறுவனங்களின் துணையை அவர் நாடினார். கிராண்ட் கேன்யனின் தென்விளிம்புக்கு 1901இலேயே ரயில் வந்துவிட்டிருந்ததால், வடபுறத்துப் பயணிகளையாவது தன்வசமாக்கிக்கொள்ள யூனியன் பசிபிக் நிறுவனத்துக்கும் காரணம் இருந்தது.

அந்நிறுவனம் 1923இல் சீடர் சிட்டி என்னும் சிற்றூர்வரை கிளைப்பாதை அமைத்து, யூட்டா பார்க்ஸ் கம்பெனி என்ற துணை நிறுவனத்தையும் தொடங்கியது. ரயிலில் வந்திறங்கியவர்களைத் திறந்த கூரையுடைய பேருந்துகளில் ஏற்றிச் சயான், பிரைஸ், கிராண்ட் கேன்யனின் வடவிளிம்பு என்று சுற்றிக்காட்டி, மீண்டும் ரயிலடியில் கொண்டுவந்து விடுவதே அதன் தொழில். மூன்று இடங்களிலும் தங்கும் விடுதிகளை வடிவமைத்தவர் கில்பர்ட் ஸ்டான்லி அண்டர்வுட் என்னும் கட்டடக் கலைஞர். விடைபெறும் பயணிகளைச் சமையற்காரர் முதல் பரிமாறுவோர்வரை வாசலில் கூடிநின்று பாடி வழியனுப்புவது அவ்விடுதிகளின் வழக்கமாயிற்று.

பாலைவழியில் எங்கே நிற்பது என்பதைத் தீர்மானித்தது காட்சியன்று, தண்ணீர். ஹரிக்கேனிலிருந்து ஃபிரடோனியா செல்லும் நெடுவழியில் பைப் ஸ்பிரிங் என்னும் ஊற்று ஒன்றே நம்பத்தக்க நீர்நிலையாக இருந்ததால், 1923இல் அதுவும் நினைவுச்சின்னமாயிற்று. பையூட் பழங்குடியினர் வழிவழியாக நீரெடுத்த அவ்வூற்றின்மேல் மார்மன் சமயத்தார் 1870களிலேயே கோட்டை கட்டிவிட்டிருந்தனர்.

இச்சுற்றுப்பயணத்தின் அமைப்பையே மாற்றியது சயானின் சுரங்கப்பாதைதான். பள்ளத்தாக்கின் கிழக்கே செங்குத்தான மணற்பாறைச் சுவர் நின்றதால், சயானிலிருந்து பிரைஸுக்குச் செல்வோர் வந்த வழியே திரும்பி நெடுந்தொலைவு சுற்ற வேண்டியிருந்தது. 1927இல் தொடங்கிய பணியில் தொழிலாளர்கள் பாறையை முகப்பிலிருந்து குடைந்துகொண்டு போகாமல், சாரங்கட்டிச் சுவரின் நடுவே ஏறி, அங்கே திறப்புகளை வெட்டி, உள்ளே நுழைந்து இருபுறமும் துளைத்தனர். வெடித்துச் சிதறிய கல்லை அத்திறப்புகள் வழியாகவே கீழே கொட்டினர். பணி முடிந்தபின் அவையே வெளிச்சமும் காற்றும் தரும் சாளரங்களாயின. முற்காலத்தில் வண்டியை நிறுத்தி அவற்றின் வழியே வேடிக்கை பார்க்கவும் அனுமதி இருந்தது. சுமார் 1.1 மைல் நீளமுள்ள இப்பாதை 1930 ஜூலை 4 அன்று திறக்கப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டில் கொலராடோ ஆற்றின்மேல் நவாஹோ பாலம் முடிந்திருந்ததால், அதுவரை படகுத்துறையை நம்பியிருந்த தென்கரைப் போக்குவரத்தும் எளிதாயிற்று. நேர்கோட்டில் ஏறத்தாழ 10 மைலே விலகியுள்ள இரு விளிம்புகளுக்கிடையே இன்றும் சாலைவழி 200 மைலுக்கு மேல் நீள்வது, அப்பாலத்தை வழியில் கடக்க வேண்டியிருப்பதால்தான்.

நல்ல சாலை, அதற்காகப் பாடுபட்ட ரயில் நிறுவனத்துக்கே பாதகமாக முடிந்தது. சொந்தக் காரில் வருவோருக்கு ரயிலும் வேண்டியிருக்கவில்லை, பேருந்தும் வேண்டியிருக்கவில்லை. 1972இல் யூனியன் பசிபிக் தன் விடுதிகளைப் பூங்காத்துறைக்குக் கொடையாக அளித்து விலகியது. கார்கள் பெருகிச் சயான் பள்ளத்தாக்கு திணறியபின், 2000ஆம் ஆண்டுமுதல் பருவகாலத்தில் உட்சாலையில் பூங்காப் பேருந்துகளே ஓடுகின்றன. வடவிளிம்பு விடுதியோ 1932இல் எரிந்து 1937இல் மீண்டும் எழுப்பப்பட்டு, 2025 ஜூலையில் காட்டுத்தீயில் மறுபடியும் அழிந்தது.