ஓடந்துறை ஊராட்சி

கோயம்புத்தூர் மாவட்டம் மேட்டுப்பாளையத்தை அடுத்த ஊராட்சி. சொந்தக் காற்றாலையால் நாடறிந்தது. குடிநீர் இறைக்கும் மோட்டார்களின் மின்கட்டணம் நிதியை விழுங்கியதே மாற்றத்தின் தொடக்கம். தலைவர் ஆர். சண்முகத்தின் காலத்தில் (1996–2006) சூரியசக்தித் தெருவிளக்குகள் வந்தன. 2003-இல் மரக்கழிவை எரிவாயுவாக்கி மோட்டார் ஓட்டும் 9 கிலோவாட் கலன் அமைந்தது. 2006-இல் உடுமலைப்பேட்டை அருகே 350 கிலோவாட் காற்றாலை நிறுவப்பட்டது. செலவு சுமார் 1.55 கோடி ரூபாய். ஊராட்சிச் சேமிப்பு 40 லட்சம், மீதி வங்கிக் கடன். மானியத்துக்குக் காத்திராமல் ஓர் ஊராட்சி கடன் வாங்கத் துணிந்ததே இதன் பெருமை. ஆண்டு உற்பத்தி ஏறத்தாழ 6.75 லட்சம் யூனிட், தேவை 4.5 லட்சம். உபரி மின்வாரியத்துக்கு விற்கப்பட்டது, அந்த வருவாயில் கடன் அடைந்தது.