கலை வரலாறும் அளவுகோலும்

பள்ளியில் வரலாற்றைப் பாடமாகக் கற்பித்தவன் நான். ஓர் அரசனைப் பற்றிய பாடம் முடியுந் தறுவாயில், 'இவன் காலத்தில் கலைகள் செழித்தன' என்று ஒரு வரி வரும். போர்களுக்குப் பக்கம் பக்கமாக இடந்தந்த பாடநூல், கலைக்கு ஒதுக்கியது அந்த ஒரு வரியையே. ஆகவே, என்னிடம் பயின்ற அன்பர் ஒருவர் அண்மையில், "ஐயா, என் மகள் பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு படிக்க விரும்புகிறாள். படம் பார்ப்பதற்கும் ஒரு பட்டம் உண்டா?" என்று வினவியபோது நான் வியப்படையவில்லை. அவருக்குக் கூறிய விடையையே நேயர்களுக்கும் சற்று விரித்துரைக்க எண்ணுகிறேன்.

கலைஞர்களைப் பற்றி எழுதும் வழக்கம் பழையது. இத்தாலியரான வசாரி, தம் நாட்டு ஓவியர், சிற்பிகளின் வாழ்க்கை வரலாறுகளை 1550-இல் வெளியிட்டார். ஆனால் கலை வரலாறு பல்கலைக்கழகத்தில் தனித்துறையாக இடம் பெற்றது பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான். ஜெர்மனியின் கெட்டிங்கன் நகரில் 1813-லும், பெர்லினில் 1844-லும், வியன்னாவில் 1852-லும் பேராசிரியர்கள் அமர்ந்தனர். இங்கிலாந்தில் ஸ்லேடு என்பாரின் அறக்கொடையால் 1869-இல் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ், லண்டன் ஆகிய மூன்றிடங்களிலும் இதற்கெனப் பதவிகள் ஏற்பட்டன.

இத்துறைக்கு அடிகோலியவர் விங்கெல்மான் என்னும் ஜெர்மானியர். 1764-இல் அவர் வெளியிட்ட நூல், கிரேக்கச் சிற்பத்தையே கலையின் உச்சி எனப் போற்றியது. அவரோ கிரேக்க நாட்டில் காலடி வைத்தவர் அல்லர். உரோம் நகரில் அவர் கண்ட சிலைகளுட் பல, உரோமானியர் செய்த படிகள். அவற்றின் வெண்மையை அவர் வியந்தார். ஆயினும் கிரேக்கர் தம் சிலைகளுக்கு வண்ணந் தீட்டினர் என்பதைப் பின்வந்த ஆய்வாளர் உறுதிப்படுத்தினர். காலமும் மழையும் கழுவியது போக எஞ்சிய கல்லே, உலகக் கலை முழுவதையும் அளக்கும் கோலாயிற்று!

உவெல்ஃப்லின் என்னும் சுவிட்சர்லாந்துப் பேராசிரியர், திரையில் இரண்டு படங்களை அருகருகே காட்டிப் பாடம் நடத்துவார். பதினாறாம் நூற்றாண்டு ஓவியத்தையும் பதினேழாம் நூற்றாண்டு ஓவியத்தையும் ஒப்புநோக்கி, காணும் முறையே காலத்தோடு மாறுகிறது என்பதை 1915-இல் வெளிவந்த தம் நூலில் விளக்கினார். இன்றளவும் வகுப்பறையில் நிலவும் நல்ல முறை இது. ஆனால் ஒப்பிடுவதில் ஓர் இடருண்டு. இரண்டில் ஒன்றையே இலக்கணமாக்கிக் கொண்டால், மற்றது வெறும் பிழையாகத் தோன்றும்.

1910-ஆம் ஆண்டில் நிகழ்ந்த இரண்டு செய்திகள் இதற்குச் சான்று. அவ்வாண்டு சனவரியில் லண்டனில் ஹேவல் இந்தியக் கலையைப் பற்றி உரையாற்றினார். தலைமை வகித்த சர் ஜார்ஜ் பேர்டுவுட், இந்தியக் கைத்தொழில்களை நன்கறிந்தவர். எனினும் யோகத்தில் அமர்ந்த ஜாவா நாட்டுப் புத்தர் சிலையொன்றை, கொழுப்பிட்டு அவித்த மாவுப் பண்டத்தோடு ஒப்பிட்டு எள்ளினார். தசைநார் முறுக்கைத் தேடிய கண்ணுக்கு அமைதியின் உருவம் புலப்படவில்லை. கலைஞரும் அறிஞருமாகப் பதின்மூவர் கையெழுத்திட்டு, லண்டன் டைம்ஸ் இதழில் மறுப்புக் கடிதம் வெளியிட்டனர். அவ்வாண்டிலேயே இந்தியக் கலையைப் பரப்ப அங்கே ஒரு சங்கமும் தோன்றியது.

அதே ஆண்டில் ஃப்ரோபீனியஸ் என்னும் ஜெர்மானிய ஆய்வாளர் மேற்கு ஆப்பிரிக்காவின் இஃபே நகரை அடைந்தார். அங்குக் கண்ட சிலைத் தலைகளின் அழகு அவரை மயக்கியது. ஆயினும் ஆப்பிரிக்கர் இவற்றைச் செய்திருப்பர் என நம்ப மனம் வரவில்லை. கடலுள் மறைந்ததாகக் கதை கூறும் அட்லாண்டிஸ் நாட்டின் எச்சம் இவை என்றார். 1938-இல் அந்நகரில் வீடு கட்ட அடித்தளம் தோண்டியபோது மேலும் பல உலோகத் தலைகள் வெளிப்பட்டன. அவை யொரூபா மக்களின் முன்னோர் ஆக்கியவை என்பதை இன்று ஐயமின்றி அறிகிறோம். ஒரு மக்களின் கைவண்ணத்தைப் போற்றிக்கொண்டே அதை அவர்களிடமிருந்து பறித்த கொடுமையை என்னென்பது!

இவ்விடரைத் தவிர்க்கும் வழி, அந்தந்த நாட்டார் தம் கலையை எக்கண்ணால் கண்டனர் என்று கேட்பதே. சீனத்தில் ஆறாம் நூற்றாண்டினரான ஷீ ஹோ வகுத்த ஆறு விதிகளில், உயிரோட்டமே முதலாவது. உருவ ஒப்புமை அதற்குப் பின்னரே வருகிறது. நம் விஷ்ணுதர்மோத்தர புராணத்தில், சிற்பம் பயில விழைந்த மன்னனிடம் முனிவர், முதலில் ஓவியம் அறிக, அதற்கு நடனம் அறிக, அதற்கு வாத்தியம் அறிக, அதற்கு இசைப்பாட்டை அறிக என்று படிப்படியாகப் பணிக்கிறார். இதன் ஓவியப் பகுதியை ஆங்கிலத்தில் பெயர்த்தவர் ஸ்டெல்லா கிராம்ரிஷ். வியன்னாவில் பயின்று, கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் பல்லாண்டு கற்பித்த அம்மையார் அவர். கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசாமியோ நிலவியல் கற்றவர். 1917-இல் பாஸ்டன் அருங்காட்சியகப் பணியேற்ற பின்பும், உருவின் பொருளை அதனை வழிபட்டவர் கருத்திலிருந்தே விளக்கி வந்தார்.

இக்கல்வி மாணவருக்குத் தருவது யாது? முதலில், கண்முன் நிற்பது முழுமையன்று என்னும் அறிவு. கிரேக்கச் சிலை வண்ணத்தை இழந்தது போல, அருங்காட்சியகத்துச் சோழர் செப்புத்திருமேனி பட்டையும் மாலையையும் வீதியுலாவையும் இழந்து நிற்கிறது. கண்ணாடிப் பேழைக்குள் நாம் காணும் உலோக வடிவத்தைச் சிற்பி தெருவில் திரண்ட அடியார்க்காக வார்த்தான். எதனால் செய்தனர், எவர் பொருளுதவினர், எங்கே வைத்தனர், எவ்வழியாக இங்கு வந்தது என்னும் வினாக்களைத் தொடுத்துப் பழகியவர், எதையும் விரைந்து இகழமாட்டார்.

இரண்டாவது இதனினும் பெரிது. ஏட்டு வரலாற்றில் எழுதத் தெரிந்தவரும் வென்றவருமே மிகுதியாகப் பேசுகின்றனர். இஃபேயின் சிற்பி ஒரு வரியும் எழுதி வைத்தானில்லை. ஆனால் அவன் வார்த்த முகம் நம்மோடு பேசுகிறது. அம்மொழியைக் கற்பிக்க நம் நாட்டிலும் இடங்கள் உண்டு; பரோடாப் பல்கலைக்கழகத்தின் நுண்கலைப் புலம் 1950-இல் தொடங்கியது. நம் பிள்ளைகளுள் எவரேனும் அத்திசை நோக்கினால் தடுக்க வேண்டா. உலகத்து மக்கள் ஒருவரையொருவர் சரியாகக் காணக் கற்பது, எந்தப் பட்டத்திற்கும் இழிந்த கல்வியன்று.